நம்பிக்கை இடைவெளி விட்டு நிற்கவும்

எங்கள் அக்கா சராசரியாக நலமாக இருக்கிறாள் என்று வாரியம் எழுத்துமூலம் தெரிவித்த பிறகுதான் நான் மாலை வகுப்பில் புள்ளியியல் படிக்கச் சேர்ந்தேன். அந்த அறிக்கையை நான்தான் சரியாகப் படிக்கவில்லையோ என்று ஒரு சந்தேகம். எதைப் படித்தாலும் எனக்கு முதலில் என் மேல்தான் சந்தேகம் வரும். அதனால் நடந்ததை அன்றன்றே எழுதி, புரிந்தது ஒரு பக்கம், புரியாதது எதிர்ப்பக்கம் என்று பிரித்துவைத்தேன். எதிர்ப்பக்கம் சீக்கிரம் நிரம்பியது. கீழே இருப்பது பெரும்பாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து எடுத்தது.

அக்கா தலையணை ஆலையில் வேலை செய்கிறாள். ஆலை என்றால் ஒரே நீளக் கூடம். ஒரு முனையில், பொதிப் பஞ்சைப் பிரித்து உதிர்க்கும் இயந்திரம். நடுவில் உறை தைக்கும் மேசைகள். மறுமுனையில் கட்டி அனுப்பும் இடம், அதற்கப்பால் கதவு வைத்த அலுவலக அறை, வாசலில் காவலாளி. இயந்திரத்துக்கு மேலே, சுவரில் ஒரு பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் இருந்தது. ஒருநாள் அதன் மோட்டார் புகைந்து நின்றது. பழுது பார்க்கக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஃபேன் திரும்பி வரவில்லை. ஓட்டை வழியாக மழைச் சாரல் அடிக்கிறது, பஞ்சு நனைகிறது என்று ஒரு சாக்கைச் சுருட்டி அதில் அடைத்தார்கள். அன்றிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்தால் முதலில் இருமுகிறாள், பிறகுதான் செருப்பைக் கழற்றுகிறாள்.

மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஃபேனை மாட்டச் சொல்லுங்க. இல்லேன்னா அந்த மெஷினை விட்டு வந்துடுங்க. ரெண்டுல ஒண்ணு" என்றார்.

அக்கா முதலாவதைத் தேர்ந்தெடுத்தாள். அந்த இயந்திரத்தின் சத்தத்தை வைத்தே எந்தப் பல்லில் பஞ்சு சிக்கியிருக்கிறது என்று அவளால் சொல்ல முடியும். வேறு எந்த வேலையும் அவளுக்குத் தெரியாது. அவள் போய் மேலாளரிடம் கேட்டாள்.

"மாட்டலாமே. நான் என்ன தூசிக்கு மாமனா மச்சானா?" என்றார் மேலாளர். "வாரியம் வந்து அளந்து, அதிகம்னு ஒரு வார்த்தை எழுதட்டும். மறுநாளே மாட்டிடறேன்."

வாரியத்தின் முழுப்பெயர் பணியிடக் காற்றுத் தர மதிப்பீட்டு வாரியம். ஊரில் காத்து வாரியம் என்பார்கள். அங்கே எப்போதும் காத்துதான் வாங்குகிறது என்றும் சொல்வார்கள். வாரியம் வந்தது. சீட்டுக் குலுக்கிப் பதினாறு பேரைத் தேர்ந்தெடுத்து, காலரில் சின்னப் பெட்டி ஒன்றை மாட்டி, ஒரு நாள் முழுக்க அவர்கள் சுவாசிக்கும் தூசியை அளந்தது. அறிக்கை வந்தது. தூசியின் சராசரி எட்டு அலகு. அனுமதிக்கப்பட்ட அளவு பத்து. தொண்ணூற்றைந்து சதவீத நம்பிக்கை இடைவெளி ஆறிலிருந்து பத்து வரை. ஆகவே தொழிலாளர்கள் சராசரியாக நலமாக இருக்கிறார்கள்.

அக்கா அதை என்னிடம் கொடுத்தாள். "பதினாறு பேர்ல நான் இல்லையேடீ."

"சீட்டுல வரலையாம்."

"மேனேஜரோட டிரைவர் பேர் வந்துச்சு. அந்த மனுஷன் காலைலேருந்து கண்ணாடியை ஏத்திவிட்டுக் கார்ல தூங்குறாரு. அவருக்கும் ஒரு பெட்டி மாட்டினாங்க. அதுவும் அவரோடவே தூங்குச்சு."

"சம்பளப் பட்டியல்ல இருக்கிற எல்லாரும் முழுமைத் தொகுதியாம்க்கா. அதுல யார் வேணா வரலாம்."

"நான் அதுல இருக்கேனா இல்லையா?"

"இருக்கே."

"அப்ப சரி" என்று சொல்லிவிட்டு இருமினாள்.

*

மாலை வகுப்பு ஒரு ஆரம்பப் பள்ளியில் நடக்கிறது. பகலில் நான் கண்ணாடிக் கடையில் நிற்பவள். லென்ஸ் துடைப்பது, சட்டம் நேராக்குவது, பவர் எழுதிக்கொள்வது. மாலையில் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்துகொள்கிறேன். சுவரில் ஆடு, இலை, ஈட்டி என்று படங்கள். பாடம் எடுப்பவர் வாரியத்தின் துணை இயக்குநர். எங்கள் அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர். எதைச் சொன்னாலும் முன்னால் 'ஏறக்குறைய' என்று சேர்த்துக்கொள்வார் என்பதால் வகுப்பில் அவருக்கு ஏறக்குறைய சார் என்று பெயர்.

"நம்பிக்கை இடைவெளின்னா என்ன? யாராவது சொல்லுங்க" என்றார்.

பின் பெஞ்சில் கூரியர் அண்ணன் உட்காருவார். பார்சல் கொண்டுபோய்ப் போடுகிற வேலை. "கல்யாணம் ஆகி வருஷம் போகப் போக வருமே, அதுவா சார்?" என்று கேட்டார்.

"அது வேற துறை" என்று சொல்லிவிட்டு சார் குறிப்பு எழுதவைத்தார். ஓர் ஆலையில் தூசியின் தொண்ணூற்றைந்து சதவீத நம்பிக்கை இடைவெளி ஆறிலிருந்து பத்து வரை என்றால், அந்த ஆலையின் தொழிலாளர்களில் தொண்ணூற்றைந்து சதவீதம் பேர் ஆறுக்கும் பத்துக்கும் நடுவே இருக்கிறார்கள் என்று பொருள்.

என்னிடம் இருந்த பாடப் புத்தகத்தில் வேறு மாதிரி இருந்தது. அந்த இடைவெளி சராசரிக்கு மட்டுமே உரியது. மறுபடி மறுபடி புதிய ஆட்களைத் தேர்ந்தெடுத்து அளந்து ஒவ்வொரு தடவையும் ஓர் இடைவெளி போட்டால், அப்படிப் போட்ட நூறு இடைவெளிகளில் சுமார் தொண்ணூற்றைந்துக்குள் உண்மையான சராசரி அகப்படும். அவ்வளவுதான். தனி ஓர் ஆள் எங்கே இருக்கிறார் என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. இதை நான் பலமுறை படித்தேன். ஒவ்வொரு முறையும் அப்படியேதான் இருந்தது.

எழுந்து கேட்டேன். "சார், இது சராசரிக்கு மட்டுந்தானே. ஒரு ஆளு அதுக்கு வெளியே ரொம்ப தூரத்துல இருக்கலாமில்லையா?"

"நீங்க எங்க வேலை பாக்கறீங்க?"

"கண்ணாடிக் கடைல சார்."

"நல்லது. உங்க கடைக்கு வர்றவங்களோட பவருக்கு ஒரு சராசரி இருக்கும். இருக்குமா?"

"இருக்கும் சார். ஆனா எல்லாருக்கும் அந்தச் சராசரி பவர்லயே கண்ணாடி குடுத்தா..."

"குடுத்தா சராசரியா எல்லாருக்கும் கண்ணு தெரியும்" என்றார் சார். வகுப்பு அதை எழுதிக்கொண்டது. நானும் எழுதிக்கொண்டேன், எதிர்ப்பக்கத்தில்.

*

அக்காவும் நானும் விடுப்புப் போட்டுவிட்டு வாரியத்துக்குப் போனோம். கவுண்டருக்கு வெகு முன்னாலேயே தரையில் மஞ்சள் கோடு ஒன்று போட்டிருந்தது. மேலே பலகை: நம்பிக்கை இடைவெளி விட்டு நிற்கவும். புத்தகத்தில் வருவது இதுதானோ என்று எனக்குக் குழப்பமாகிவிட்டது. கவுண்டரில் கண்ணாடிக்குப் பின்னால் ஓர் எழுத்தர். அவர் சொல்வது எங்களுக்குக் கேட்கும், நாங்கள் சொல்வது அவருக்குக் கேட்காது என்ற அளவில் அந்தக் கோடு இருந்தது. எல்லோரும் தங்கள் கஷ்டத்தைக் கத்திச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"புகாரா, சந்தேகமா?" என்றார் எழுத்தர்.

"என்னங்க வித்தியாசம்?" என்று அக்கா கத்தினாள்.

"புகார்னா மூணாவது மாடி. மூணாவது மாடி இன்னும் கட்டல. சந்தேகம்னா இங்கயே."

"சந்தேகங்க."

"வாரியத்து மேல எத்தனை சதவீத நம்பிக்கையோட வந்திருக்கீங்க?"

"நம்பிக்கை இருந்தா நான் ஏங்க இங்க வரப்போறேன்?"

"அப்ப எடுத்துக்க முடியாது. தொண்ணூத்தஞ்சுக்குக் குறைஞ்ச எதையும் நாங்க ஏத்துக்கறதில்ல."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். "சரி, நூறுன்னு போட்டுக்கோங்க" என்றாள்.

எழுத்தர் பேனாவை மூடினார். "நூறா? எங்க டைரக்டருக்கே நூறு கிடையாதும்மா. நூறு வேணும்னா இடைவெளி வானத்துக்கும் பூமிக்கும் போகும், தெரியுமா? தொண்ணூத்தஞ்சு போடறேன். மிச்சத்தை வீட்டுக்கே எடுத்துட்டுப் போங்க."

வானத்துக்கும் பூமிக்கும் போகும் என்பது சரிதான். புத்தகத்திலும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறது. அந்தக் கட்டடத்தில் நான் கேட்ட ஒரே சரியான வாக்கியம் அது.

ஏறக்குறைய சார் உள்ளிருந்து வந்தார். என்னை அடையாளம் கண்டு சிரித்தார். அக்காவைப் பார்த்து, "உங்களுக்கு உடம்புக்கு என்ன பண்ணுது?" என்று கேட்டார்.

"ஒரு மாதிரியா இருக்குங்க" என்றாள் அக்கா.

"ஒரு மாதிரி போதாதும்மா. பதினாறு மாதிரி வேணும்."

வேடிக்கையாகச் சொல்கிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கோப்பில் எழுதிக்கொண்டிருந்தார்.

*

இருந்தாலும் எங்கள் சந்தேகத்தை ஏற்றுக்கொண்டார்கள். பழைய பதினாறு பேரில் டிரைவரை எடுத்துவிட்டு அக்காவைச் சேர்த்து மறுபடி அளக்கச் சம்மதித்தார்கள். எனக்கு அன்று சந்தோஷமாக இருந்தது. சந்தோஷத்தைப் புரிந்த பக்கத்தில் எழுதிவைத்தேன்.

அளந்த நாளில் மதிய மணிக்கு முன்பே அக்காவின் காலரில் இருந்த பெட்டி முனகி நின்றுவிட்டது. வாரியத்து ஆட்கள் ஓடிவந்தார்கள். உள்ளே வெள்ளையாக இருக்க வேண்டிய வடிகட்டித் தாள் கம்பளி மாதிரி தடித்திருந்தது. சாரே நேரில் வந்து பெட்டியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் வாடிவிட்டது.

"இந்தத் தூசில ஒரு கருவி எப்படிம்மா வேலை செய்யும்? உங்களுக்கே நியாயமா இருக்கா? உடனே வெளிய எடுத்துட்டுப் போங்கப்பா. நல்ல காத்து படட்டும்."

பெட்டியை வெளியே நிழலில் வைத்தார்கள். அதற்குப் பதினைந்து நாள் ஓய்வு என்று எழுதினார்கள். அக்கா மதிய மணி அடித்ததும் சாப்பிட்டுவிட்டு மறுபடி இயந்திரத்துக்குப் போனாள்.

அரை நாளில் பெட்டி காட்டிய அளவு முப்பத்தொன்று. அறிக்கை வந்தது. சராசரி ஒன்பதரை. நம்பிக்கை இடைவெளி ஆறிலிருந்து பதின்மூன்று வரை. ஓர் ஆலையில் தூசி அதிகம் என்று வாரியம் எழுத வேண்டுமானால் இடைவெளி முழுவதும் பத்துக்கு மேலே இருக்க வேண்டுமாம். பத்து இன்னும் உள்ளேயே இருந்தது. ஆகவே அதிகம் என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆதாரம் இல்லை என்பதற்குக் கீழே, ஆகவே அதிகமில்லை என்று சார் கையெழுத்திட்டிருந்தார்.

அக்காவின் முப்பத்தொன்று சராசரியைக் கொஞ்சம் ஏற்றியிருந்தது. இடைவெளியை அதைவிட அதிகமாக அகட்டியிருந்தது. அவள் எவ்வளவு அதிகம் மூச்சுவிடச் சிரமப்படுகிறாளோ அவ்வளவுக்கு ஆலை தப்பித்துக்கொள்கிறது என்று எனக்குத் தோன்றியது. கணக்கில் எங்கோ தவறு செய்கிறேன் என்று மறுபடி போட்டுப் பார்த்தேன். தவறு இல்லை.

அடுத்த வகுப்பில் இதைக் கேட்காமல் இருக்க முடியவில்லை. "சார், எவ்வளவு கம்மி பேரை அளக்கறோமோ அவ்வளவு இடைவெளி அகலமாகும். பத்து அதுக்குள்ள வந்துடும். அப்படின்னா ரெண்டே ரெண்டு பேரை அளந்தா எந்த ஆலையும் எப்பவுமே தப்பு பண்ணாதே?"

அது கேலி என்று சாருக்குப் புரியும், கோபப்படுவார், ஒருவேளை வெட்கப்படுவார் என்று நினைத்தேன். சார் சட்டைப்பையிலிருந்து சின்ன டைரியை எடுத்தார்.

"இன்னொரு தடவை மெதுவாச் சொல்லுங்க" என்றார்.

வெளியே வந்ததும் கூரியர் அண்ணன், "தங்கச்சி, நீ கத்தியைக் காட்டின. அவரு பழம் நறுக்க நல்லாருக்கும்னு வாங்கி வெச்சுக்கிட்டாரு" என்றார்.

*

வாரியம் இருவர் முறையை அறிமுகப்படுத்தியது. ஆட்கள் மிச்சம், பெட்டிகள் மிச்சம், பெட்டிகளுக்கு ஓய்வும் மிச்சம் என்று சுற்றறிக்கை சொன்னது. முதல் சோதனைக்கு எங்கள் ஆலையையே எடுத்துக்கொண்டார்கள். சந்தேகம் எழுப்பியது நாங்கள் என்பதால் அது எங்களுக்கு அளிக்கப்படும் மரியாதை. இருவரில் ஒருத்தி அக்கா. இன்னொருவர் வாசல் காவலாளி.

அக்காவுக்கு மறுபடி முப்பத்தொன்று. காவலாளிக்கு ஒன்று.

முடிவை வாசிக்க ஆலைக் கூடத்திலேயே கூட்டம் போட்டார்கள். இயந்திரத்தை அன்று நிறுத்தியிருந்தார்கள், தைக்கும் மேசைகளை நனைத்துத் துடைத்திருந்தார்கள். நான் கடையில் அனுமதி வாங்கிக்கொண்டு போயிருந்தேன். ஏறக்குறைய சார் மைக் முன்னால் நின்றார்.

"இந்த ஆலையில தூசியோட சராசரி பதினாறு. பதறாதீங்க. சராசரியை மட்டும் பாக்கறது படிக்காதவங்க செய்யறது. நாங்க இடைவெளியப் பாக்கறோம். தொண்ணூத்தஞ்சு சதவீத நம்பிக்கையோட சொல்றேன். இந்த ஆலையோட தூசி மைனஸ் நூத்தி எழுபத்தஞ்சுலேருந்து இருநூத்தி ஏழு வரைக்கும்."

மேலாளர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள்.

நான் கணக்கை ஏற்கெனவே வீட்டில் போட்டுப் பார்த்திருந்தேன். விடை சரிதான். இரண்டு பேரை வைத்து வாய்பாட்டைப் போட்டால் அப்படித்தான் வரும். வாய்பாடு தனக்கு ஒன்றும் தெரியாது என்று அவ்வளவு நேர்மையாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்தக் கூடத்தில் வேறு யாரும் அப்படிச் சொல்லவில்லை.

"பத்து இந்த இடைவெளிக்குள்ள இருக்கா இல்லையா?" என்று சார் கேட்டார். "தாராளமா இருக்கு. கால் நீட்டிப் படுத்துக்கற அளவுக்கு இருக்கு. அது மட்டுமில்ல. முன்னாடி ஒரு அம்மா தன்னோட முப்பத்தொண்ணு வெளிய நிக்குதுன்னு வருத்தப்பட்டாங்க. இப்ப அவங்களும் உள்ள வந்துட்டாங்க. யாரையும் விட்டுடாம எல்லாரையும் அரவணைச்சுப் போற இடைவெளி இது."

காவலாளி கையைத் தூக்கினார். "சார், மைனஸ் தூசின்னா என்னங்க?"

சார் சற்று யோசித்தார். "ஏறக்குறைய, தூசி உள்ள போறது பிளஸ். ஒரு சிலர்கிட்டருந்து தூசி காத்துக்குத் திரும்பப் போகும். அது மைனஸ்."

"என்கிட்டருந்துங்களா?" காவலாளி எழுந்து நின்றுவிட்டார். "நான் ரெண்டு வேளை குளிக்கிறவன் சார். வேணும்னா வீட்டுல கேட்டுப் பாருங்க."

கூடம் சிரித்தது. அக்காவும் சிரித்தாள், அது இருமலாகி நிற்கவில்லை. சார் அவள் முடிக்கும்வரை பொறுத்திருந்தார். பிறகு மேலாளர் பக்கம் குனிந்து பேசினார். மைக்கை அணைக்கவில்லை.

"இவ்வளவு அகலமா வர்றதுக்குக் காரணம் இந்த அம்மாதான். விலகல் ஜாஸ்தி."

"விலகலா?"

"சராசரியிலேருந்து விலகல். அது குறைஞ்சா இடைவெளி குறுகும். இடைவெளியை அதிகமாக் குறுக்கிக் காட்டற ஆலைக்கு வாரியம் துல்லியச் சான்றிதழ் தருது. அது வாங்கிட்டா அப்புறம் பல வருஷத்துக்கு நாங்க அளக்கவே வரமாட்டோம்."

மேலாளர் அதில் ஒரு வார்த்தையைத்தான் பிடித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். அடுத்த வாரம் அவர் அக்காவை அலுவலக அறைக்கு அழைத்தார். அந்த அறையில் காற்று சுத்தமாக இருந்தது என்று அக்கா சொன்னாள். கதவு நன்றாக மூடுமாம்.

"வாரியமே சொல்லிடுச்சும்மா, உங்க விலகல்தான் வேணும்னு" என்றிருக்கிறார் மேலாளர். "ஒரு விலகல் கடிதம் எழுதிக் குடுத்துடுங்க. பயப்படாதீங்க. மறுநாளே ஒப்பந்தக்காரர் மூலமா உள்ள வந்துடுங்க. அதே வேலை, அதே மெஷின். பேர் மட்டும் எங்க சம்பளப் பட்டியல்ல இருக்காது."

*

நான் அக்காவிடம் கத்தினேன். நான் கத்துவது அபூர்வம்.

"விலகல்னா அது இல்லக்கா. ஒரு எண்ணு சராசரியிலேருந்து எவ்வளவு தள்ளி இருக்குன்னு அர்த்தம். வேலையை விட்டுப் போறது இல்ல. அந்த ஆளு தப்பாப் புரிஞ்சுக்கிட்டிருக்காரு."

"அவரு ஒண்ணும் தப்பாப் புரிஞ்சுக்கல. நீதான் இன்னும் படிச்சுக்கிட்டிருக்கே."

"ஃபேனை மாட்டினாலே விலகல் குறையும். அதைச் சொல்லலையா நீ?"

"சொன்னேன். ஃபேன் வாங்கணும்னா வாரியம் அதிகம்னு எழுதணுமாம். கடிதத்துக்கு ஒரு வெள்ளைத்தாள் போதுமாம்." அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "எழுதலேன்னா ஆலையிலயும் வேலை கிடையாது, ஒப்பந்தத்துலயும் கிடையாதுன்னுட்டாரு. இந்த ஊர்ல வேற எவன் தலையணை தைக்கிறான்?"

"டாக்டர் என்ன சொன்னாரு? ஃபேன், இல்லேன்னா வெளிய வந்துடு, ரெண்டுல ஒண்ணுன்னாரு."

"மூணாவதா ஒண்ணு இருக்குன்னு அவருக்குத் தெரியல பாவம். வெளிய வந்துட்டு உள்ளயே இருக்கறது."

கடிதத்தை நான்தான் எழுதிக்கொடுத்தேன். என் கையெழுத்து அவளுடையதைவிடத் தெளிவாக இருக்கும்.

அதன்பின் வாரியம் ஒருமுறை வந்து அளந்தது. சம்பளப் பட்டியலில் இருந்தவர்கள் மட்டும், மறுபடி பதினாறு பேர். டிரைவரும் வந்திருந்தார். அக்கா இயந்திரத்தில் நின்றுகொண்டிருந்தாள். பெட்டியோடு வந்தவர்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் இப்போது முழுமைத் தொகுதியில் இல்லை. சராசரி எட்டு. இடைவெளி ஆறிலிருந்து பத்து வரை. முதல் அறிக்கையில் இருந்த அதே எண்கள். ஆனால் மைனஸ் நூற்று எழுபத்தைந்திலிருந்து இருநூற்று ஏழு வரை விரிந்து கிடந்த இடைவெளி இப்போது வெறும் நாலு அலகுக்குச் சுருங்கிவிட்டது. ஒரே வருடத்தில் துல்லியம் ஏறக்குறைய தொண்ணூற்றைந்து மடங்கு கூடியிருப்பதாக வாரியம் அறிவித்து, சான்றிதழுக்கு எங்கள் ஆலையைத் தேர்ந்தெடுத்தது. வகுத்துப் பார்த்தேன். தொண்ணூற்றைந்து மடங்குக்கும் கொஞ்சம் மேலேயே வந்தது.

*

தேர்வில் முதல் கேள்வி: ஓர் ஆலையில் தூசியின் தொண்ணூற்றைந்து சதவீத நம்பிக்கை இடைவெளி ஆறிலிருந்து பத்து வரை. இதன் பொருள் என்ன?

நான் புத்தகத்தில் இருந்ததை எழுதினேன். இத்தனை பேர் ஒன்றைச் சொல்லும்போது நான் மட்டும் வேறொன்றை எழுதுகிறேனே என்று இரண்டு முறை அடிக்கப் போனேன். அடிக்கவில்லை. இதைத் தைரியம் என்று சொல்ல மாட்டேன். அக்காவின் முப்பத்தொன்றை ஆறுக்கும் பத்துக்கும் நடுவே எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

விடைத்தாளைச் சார் தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்தார். அந்தக் கேள்விக்குச் சைபர். கேள்வி அதிக மதிப்பெண்ணுக்குரியது என்பதால் நான் தேறவில்லை.

"நீங்க எழுதினது புத்தகத்துல இருக்கு. நான் இல்லேன்னு சொல்லல" என்றார். "ஆனா குறிப்புல இல்லையே. நான் குறிப்புலேருந்துதானே திருத்தறேன்."

"எது சார் சரி?"

"சரி தப்புன்னு போனா அறிக்கை எழுத முடியாதும்மா. புத்தகத்துல இருக்கறபடி எழுதினா, இந்த அறிக்கையால தனி ஆளப் பத்தி எதுவும் சொல்ல முடியாதுன்னு ஆகும். அப்புறம் எங்களை எதுக்கு வெச்சிருக்காங்க?" அவர் குரலில் கோபம் இல்லை. உண்மையாகவே என்னைக் கேட்டார். பிறகு ஆறுதலாக, "வருத்தப்படாதீங்க. வகுப்பு சராசரியாத் தேறிடுச்சு" என்றார்.

கூரியர் அண்ணன் தேறியிருந்தார். குறிப்பை அப்படியே எழுதினாராம். "எனக்கு வந்த பார்சலைப் பிரிச்சுப் பாக்கற பழக்கம் கிடையாது தங்கச்சி. அப்படியே கொண்டுபோய்ப் போட்டுடுவேன்" என்றார்.

*

சான்றிதழ் வந்துவிட்டது. கதவு அகலத்துக்குப் பெரியது, கண்ணாடிச் சட்டம் போட்டது. இயக்குநர் நேரில் கொடுக்க வருகிறார் என்றபோது சாக்கு அசிங்கமாகத் தெரிகிறது என்று மேலாளருக்குத் தோன்றியிருக்கிறது. சட்டத்தைச் சரியாக அந்த ஓட்டையின் மேல் மாட்டச் சொல்லிவிட்டார். இப்போது சாக்கு தெரிவதில்லை. இயந்திரம் ஓடும்போது சட்டம் சுவரில் லேசாகத் தட்டிக்கொண்டே இருக்கிறதாம்.

நேற்று அக்கா, "உங்க கடைல லென்ஸ் துடைக்கிற மெல்லிசுத் துணி இருக்குமே, ஒண்ணு கொண்டாடீ" என்றாள்.

"எதுக்கு?"

"அந்தச் சட்டத்துல பஞ்சு ஒட்டிக்கிட்டே இருக்கு. எழுத்து மறைஞ்சிடுது. மெஷின் பக்கத்துல நிக்கறது நான்தானே, அப்பப்ப துடைச்சுவிடுன்னு சொல்லிட்டாரு. வேற துணி போட்டாக் கண்ணாடில கோடு விழுதாம்."

இரண்டு துணி கொண்டுவந்து கொடுத்தேன். ஒன்று சட்டத்துக்கு, மற்றது மூக்கையும் வாயையும் சேர்த்துக் கட்டிக்கொள்ள என்று சொன்னேன். அக்கா இரண்டையும் விரித்துப் பார்த்துவிட்டு, மடித்து, வேலைக்குக் கொண்டுபோகும் பையில் வைத்தாள்.

இன்று கேட்டேன். இரண்டையும் சட்டத்துக்கே வைத்துக்கொண்டாளாம். ஒன்று மட்டும் என்றால் பஞ்சு ஏறிச் சீக்கிரம் அடைத்துப்போகிறதாம்.